இரவல் குத்து

குத்துச்சண்டையின் இரண்டாவது சுற்று முடிந்து, ஜெராக்ஸ் தன் மூலையில் முக்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

இரண்டு சுற்றும் கையைவிட்டுப் போயாயிற்று. புள்ளியில் இனி எட்டிப்பிடிக்க முடியாது. மிச்சமிருக்கும் மூன்று நிமிடத்தில் எதிராளியை விழவைத்தால் தேசிய அணியில் இடம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் அதே அடிவாங்கும் உத்தியோகம்.

எதிர்மூலையில் நிதானமாக வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த சாம்பியனுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அந்த உத்தியோகம். சாம்பியன் அடுத்து யாரோடு மோதப்போகிறாளோ, அவளைப் போலவே குத்திக் காட்ட வேண்டும். ஆறு வருஷமாக இதே பிழைப்பு. பெயரும் அப்படி வந்ததுதான்.

முதல் சுற்றில் ஜெராக்ஸ், பழகிவைத்திருந்த ஒருத்தியைப் போலப் பாய்ந்து பாய்ந்து போனாள். சாம்பியன் அரை அடி விலகி, வந்த வேகத்தை அவளுக்கே திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டாவதில் இன்னொருத்தியைப் போலப் பதுங்கிக் காத்திருந்தாள். சாம்பியன் அடிப்பதுபோல் பாவலா காட்டி, இவள் ஏமாந்து கையை நீட்டியதும் விலாவில் ஒன்று வைத்தாள். இடதுகைக்காரியாக மாறிப் பார்த்தாள். அதற்கும் மருந்து இருந்தது.

இருக்காதா பின்னே? ஒவ்வொன்றுக்கும் மருந்து கண்டுபிடிக்க உடம்பைக் கொடுத்தவளே இவள்தானே. சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

மூலையில் நின்று வியர்வையைத் துடைத்துவிட்ட அவளுடைய அண்ணன் கேட்டான். "இன்னும் யாருதான் பாக்கி?"

ஒருத்தி பாக்கி இருந்தாள்.

மணி அடித்ததும் ஜெராக்ஸ் தாடையைத் தோளுக்குள் புதைத்து, வலது குதிகாலை லேசாகத் தூக்கி, சாம்பியனாகவே நடந்து வந்தாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

சாம்பியனுக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னை வீடியோவில் பார்த்திருக்கிறாள். எதிரில் நின்று பார்த்ததில்லை. அவள் விலகினால் இவளும் விலகினாள். அவள் பாவலா காட்டினால் இவளும் காட்டினாள். இருவரும் ஒரே வாசலில் நுழையப் பார்க்கிறவர்கள்போல் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஒன்றரை நிமிடம் ஓடிவிட்டது. அவசரப்பட்டாலும் போச்சு, பொறுத்தாலும் போச்சு.

இடது கையை வீசினாள். வீசிய கையை, சாம்பியனைப் போலவே, முகத்துக்குக் கொண்டுவராமல் நெஞ்சளவில் தாழ்த்தி இழுத்தாள். கண்ணிமைக்கும் நேரம்தான்.

சாம்பியன் பார்த்துவிட்டாள். பார்த்தவள் அங்கே அடித்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, சட்டென்று குனிந்து தன் இடது கையைப் பார்த்தாள்.

ஜெராக்ஸின் வலது கை அவள் தாடையில் இறங்கியது.

நடுவர் பத்து எண்ணி முடித்தபோது சாம்பியனின் ஒரு முழங்கால் இன்னும் தரையில் இருந்தது.

முறைப்படி இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வீங்கிய வாயோடு சாம்பியன் காதருகில் கேட்டாள். "என் கை அப்படி இறங்குதுன்னு உனக்கு எப்பலேருந்துடி தெரியும்?"

முதல் வாரத்திலிருந்தே என்றாள் ஜெராக்ஸ்.

"ஆறு வருஷமாவா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி."

"சொல்லியிருந்தா திருத்தியிருப்பீங்களேக்கா."