கடிதம் போட்டாச்சு

கிளை அலுவலகத்து ரவுட்டருக்கும் தலைமை அலுவலகத்து ரவுட்டருக்கும் நடுவே ரகசியச் சுரங்கப்பாதை ஒன்று இருந்தது. கடவுச்சொல் சொன்னால்தான் கதவு திறக்கும். திங்கட்கிழமை காலை அது திறக்கவில்லை. மதியத்துக்குள் சரியாகாவிட்டால் பெட்டியையே கழற்றிவிடுவேன் என்று எஞ்சினியர் சொல்லிவிட்டதால், கிளை ரவுட்டர் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே, நான்தான். நாலு மாசமா தினமும் வர்றவன்.”

“குரல் தெரியுதுப்பா. கடவுச்சொல்லைத்தான் தப்பாச் சொல்றே. சனிக்கிழமையே மாத்தியாச்சு.”

“எனக்கு யாரும் சொல்லலையே!”

“சொல்லாம இருப்போமா? முறைப்படி கடிதம் போட்டாச்சு.”

“எந்த வழியா?”

“இந்தச் சுரங்கம் வழியாத்தான். ரகசியத்தை ரோட்டுலயா அனுப்புவாங்க?”

“மாத்துறதுக்கு முன்னாடியா, அப்புறமாவா?”

“அப்புறம்தான். நடக்காததை நடந்துச்சுன்னு எழுதுற பழக்கம் எங்களுக்கு இல்லை.”

“அப்ப அந்தக் கடிதம் இப்ப எங்கே?”

தலைமை ரவுட்டர் திரும்பிப் பார்த்தது. “இதோ, கதவுக்கு உள்பக்கம் பத்திரமா இருக்கு. நீ உள்ளே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம்.”

மதியம் எஞ்சினியர் கிளை ரவுட்டரைக் கழற்றி, ‘பழுது’ என்று சீட்டு ஒட்டி, அலமாரியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே இருந்த மூன்று ரவுட்டர்கள் நகர்ந்து இடம் கொடுத்தன.

“வா தம்பி,” என்றது மூத்தது. “உனக்கும் கடிதம் போட்டாங்களா?”