கிழக்குச் சுவரில் ஒரு கதவு

இங்கிலாந்து அரசரின் ஆட்கள் மடத்துத் துறவிகளைத் தூக்கிலிட்டார்கள். தேவாலயத்தில் துறவிகள் நின்று பாடிய கிழக்குப் பாதியையும், கூரையில் வேய்ந்திருந்த ஈயத் தகடுகளுக்காக இடித்துத் தள்ளினார்கள். மேற்குப் பாதி ஊராருக்கு மிஞ்சியது. திறந்து கிடந்த கிழக்குப் பக்கத்தை அடைத்துச் சுவர் எழுப்பிய கொத்தன் ஆஸ்பெர்ட்டிடம், உயிர் தப்பிய ஒரே துறவி வில்ஃப்ரிட் ஒரு கதவு வைக்கச் சொன்னார்.

“அந்தப் பக்கம் வெறும் புல்லுதானே சாமி, கதவு எதுக்கு?”

“நாங்க உள்ள வர்றதுக்கு வழி வேணாமா?”

கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாலும் ஆஸ்பெர்ட் கதவு வைத்தான்.

முதல் ஞாயிறு பூசையன்று நல்ல மழை. மணி அடித்ததும் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வில்ஃப்ரிட் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். சாரல் அடிக்கிறதே என்று ஆஸ்பெர்ட் எழுந்து கதவைச் சாத்தப் போனான்.

“சாத்தாதப்பா, மத்தவங்க பின்னால வந்துட்டிருக்காங்க.”

ஆஸ்பெர்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.