காக்ஸ் டவுனில் நிற்கும் கார்

சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரையிடம் சபாபதி வாங்கிய பெரிய கார், தினமும் பெங்களூர் காக்ஸ் டவுன் பகுதி வந்ததும் நின்றுவிடும். வெறுத்துப்போய், டிரைவர் ஜெயவேலுவோடு சேர்த்தே அதைப் பக்கத்து வீட்டுக் கோவிந்தப்பாவுக்கு விற்றுவிட்டார்.

ஒரு வருடமாக அது ஒரு நாள்கூட நிற்கவில்லை. அதன் கதவை மெத்தென்று சாத்தும் சத்தம் கேட்டாலே சபாபதிக்கு வயிறு எரிந்தது.

"இன்ஜினை மாத்திட்டீங்களா சார்?" என்று ஒரு நாள் கோவிந்தப்பாவிடம் கேட்டேவிட்டார்.

"ஒரு நட்டுகூட மாத்தலை. தங்கமான வண்டி. ஜெயவேலுக்குக் கல்யாணம்தான் பண்ணிவெச்சேன்."

"அதுக்கும் காருக்கும் என்ன சார் சம்பந்தம்?"

கோவிந்தப்பா சிரித்தபடி ஷெட்டைக் காட்டினார். அங்கே ஜெயவேலு காரைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் மனைவி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள்.

காக்ஸ் டவுனில் கார் நின்றபோதெல்லாம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த பெண் அவள்தான்.