சீனியருக்கு முதல் நம்பர்

ஒன்பது பெண்களுக்கும் வேலையைச் சமமாகத்தான் பிரித்திருந்தாள் மேற்பார்வையாளர் கஸ்தூரி. வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் கொசு மருந்து ஊற்ற வேண்டும். கதவு எண் ஒன்றில் தொடங்கும் வீடுகள் ஒருத்திக்கு, இரண்டில் தொடங்குபவை அடுத்தவளுக்கு, இப்படியே ஒன்பது வரை.

அப்படியும் ஒன்பதுக்காரி கல்பனா பத்து மணிக்கே வேலை முடிந்து உட்கார்ந்துவிட்டாள். ஒன்றுக்காரி செல்வகுமாரி உச்சி வெயிலிலும் அலைந்துகொண்டிருந்தாள்.

“வூடே ஏறாம ஏமாத்துறா மேடம், இவள நிறுத்துங்க!” என்று கத்தினாள் செல்வகுமாரி.

“சாமி சத்தியமா எல்லா வூட்டுக்கும் போனேன் மேடம்.” கல்பனாவுக்கு அழுகை வந்தது.

“சமமாப் பிரிச்சது உனக்கு மட்டும் எப்டிடி சீக்கிரம் முடியும்? ரெண்டு பேரும் வாங்க. ஒரு வூடு வுட்டிருந்தாலும் நாளைலேர்ந்து நீ வராத” என்றாள் கஸ்தூரி கல்பனாவிடம்.

ஒதியம்பட்டின் முதல் தெரு நாற்பதாம் எண்ணோடு முடிந்தது. ஒன்பதில் தொடங்கும் வீடு ஒன்றே ஒன்று. அங்கே மருந்து ஊற்றியிருந்தது. அடுத்த தெருவிலும் அதே கதைதான்.

கஸ்தூரி தலையில் அடித்துக்கொண்டாள். எந்தத் தெருவும் ஒன்றில்தான் தொடங்குகிறது. பத்தொன்பது வரை போனாலே ஒன்றுக்குப் பதினோரு வீடு சேர்ந்துவிடும். ஒன்பதுக்கு இரண்டாவது வீடு கிடைக்கவே தெரு தொண்ணூறு வரை நீள வேண்டும்.

“உனக்கு ஒன்பத யாருடி குடுத்தது?”

“செல்விக்காதான் மேடம். சீனியர்னு ஒன்ன எடுத்துகிட்டு, கடைசியா சேந்தவளுக்குக் கடைசி நம்பர்னாங்க.”

கஸ்தூரி செல்வகுமாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

“நாளைலேர்ந்து கதவு நம்பர் எதுல முடியுதுன்னு பாத்துப் பிரிச்சுக்குங்க. எல்லாருக்கும் சமமா வரும். சைபர்ல முடியிற வூட்டுக்கு நான் போறேன்.”