யார் துவைத்தது?

"அவர் வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போற சட்டையை யாரும்மா துவைப்பாங்க?" படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள் நர்ஸ்.

"ஆலையிலேயே துவைச்சுக் குடுத்துடுவாங்க" என்றாள் மனைவி, கண்ணைக்கூட இமைக்காமல்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சைப் பொய்! முப்பது வருஷம் ஆலையில் பழைய பாய்லர்களைப் பிரித்து மாட்டிவிட்டு, தலையோடு கால் தூசியாக வந்து நிற்பார். "சட்டையா இது, மாவு மூட்டையா?" என்று திட்டிக்கொண்டே உதறி உதறித் துவைத்தது இவள்தானே?

இவளுக்கு இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில் நீர் கோத்துக்கொள்கிறது. இரண்டு முறை எடுத்தும் நிற்கவில்லை. உறையும் தடித்திருக்கிறதாம். அபூர்வமான கட்டியாக இருக்குமோ என்று நாளைக்கு ஒரு துணுக்கை வெட்டிச் சோதிக்கப் போகிறார்கள். இந்த நேரத்தில் என்ன பொய் வேண்டிக் கிடக்கிறது?

போன வாரமே அவருக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இவளும் டாக்டரம்மாவும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் தலை தெரிந்ததும் கப்சிப்.

நர்ஸ் நகர்ந்ததும் பிடித்துக்கொண்டார். "ஏன்டி அப்படிச் சொன்னே?"

"எப்படிச் சொன்னேன்? போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. மூஞ்சி வாடிக் கிடக்கு."

பேச்சை மாற்றுகிறாள்! ஏதோ இருக்கிறது. அவர் டீக்குப் போகவில்லை. நேராக டாக்டரம்மா அறைக்குள் நுழைந்தார்.

"டாக்டர், என் பொண்டாட்டி பொய் சொல்றா. தகவல் தப்பானா வைத்தியமும் தப்பாயிடாதா? என் சட்டையெல்லாம் அவதான் துவைச்சா. எழுதிக்குங்க."

"தெரியும். போன வாரமே சொல்லிட்டாங்க. உங்ககிட்ட நானா எதுவும் சொல்லக்கூடாதுன்னும் கேட்டுக்கிட்டாங்க."

"பாத்தீங்களா! சட்டைக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "கேட்காம விடமாட்டீங்களா?"

"மாட்டேன்."

"பழைய பாய்லர்ல சூடு வெளியே போகாம சுத்தியிருக்கிறது ஆஸ்பெஸ்டாஸ் நார். அந்தத் தூசியாலயும் இந்தக் கட்டி வரலாம்னு ஒரு சந்தேகம் உண்டு. வேலை செஞ்சவருக்குத்தான் வரணும்னு இல்ல. சட்டையை உதறினவங்களுக்கும் வரலாம். இன்னும் எதுவும் உறுதியாகல..."

அதற்குமேல் அவர் காதில் எதுவும் விழவில்லை. தண்ணீர்க் குழாயைத் தேடிப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

மனைவி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இப்போது சந்தேகம் அவள் கண்ணில்.

"ஒரு டீக்கு இவ்வளவு நேரமா? டாக்டர் ரூமுக்குப் போனீங்களா?"

"போனேன்."

"எதுக்கு?"

அவர் போர்வையை இழுத்து அவள் காலை மூடினார்.

"நர்ஸ் ஒழுங்கா எழுதினாளோ என்னவோன்னுதான். ஆலையிலேயேதான் துவைச்சாங்கன்னு நானும் அடிச்சுச் சொல்லிட்டு வந்தேன். சரின்னு எழுதிக்கிட்டாங்க. வேற ஒண்ணும் சொல்லல."