மொட்டைச் சீட்டு

"சரின்னு ஒரு வார்த்த சொல்லு கஜபதி! பொய்ச் சாட்சி கேஸ் போட்டு அந்தத் தாயம்மாள உள்ள தள்ளிடலாம்."

திருத்தணி கோர்ட் வாசலில் வக்கீல் கோதண்டபாணி போட்ட சத்தம், எதிரே எஸ்.டி.டி. பூத் நிழலில் ஒதுங்கி நின்ற தாயம்மாள் காதில் நன்றாகவே விழுந்தது. 'முருகா, இதுலேர்ந்து காப்பாத்து, முடி எறக்கறேன்' என்று அங்கேயே வேண்டிக்கொண்டாள்.

பின்னே? "என் ஆட்ட இழுத்துகினு போனது கோடித்தெரு கஜபதிதான், கண்ணால பாத்தேன்" என்று போலீசில் புகார் கொடுத்தவள் அவள்தானே! ஒரே வாரத்தில் ஆடு தானாக வீட்டு வாசலில் வந்து நின்றது. ஐயோ, ஒருத்தன்மேல் அநியாயமாய்ப் பழி போட்டுவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இன்று கூண்டில் ஏறி, "இருட்டுல முதுகத்தான் பாத்தேன் சாமி, அது இவரு இல்ல" என்று சொல்லிவிட்டாள். கஜபதிக்கு விடுதலை. இப்போது இவள் மாட்டிக்கொண்டாள்.

கஜபதி கையெடுத்துக் கும்பிட்டான். "வேணாம் சார்."

"சும்மா உட்டா ஆளாளுக்குப் பொய்க் கேஸ் குடுத்து வெளையாடுவாங்கய்யா!"

"இந்த அக்காவ உள்ள வச்சா, நாளைக்கி நெசமா களவு குடுத்தவங்ககூட ஸ்டேஷனுக்குப் போவ பயப்படுவாங்க சார். போனா போவுது, உட்டுடுங்க."

எவ்வளவு தங்கமான மனசு! தாயம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நேரே மலைக்குப் போனாள்.

மொட்டை அடிக்கும் இடத்தில் சீட்டோடு போய் உட்கார்ந்தால், பக்கத்திலேயே கஜபதி! விடுதலையானால் மொட்டை என்று அவனும் வேண்டியிருந்தானாம்.

"என்ன மன்னிச்சிடு நைனா. ஒரு பாவமும் அறியாத உன்னக் கோர்ட்டு வரைக்கும் இழுத்துட்டேன்."

"அட, உடுக்கா!" கஜபதி குஷியாய்த் தலையை நனைத்துக்கொண்டான். "ஆடு நல்லாக்கீதா? சாயங்காலம் பொட்டுக்கடலை குடுக்கறத மட்டும் நிறுத்திடாத. அது இல்லன்னா விடிய விடிய கத்திகினே கீதுக்கா, மனுஷன் தூங்கவே முடியல!"

தாயம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பொட்டுக்கடலை சங்கதி அவள் புருஷனுக்கே தெரியாது.

சட்டென்று எழுந்து, தன் சீட்டை நாவிதர் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, என் மொட்டையையும் சேத்து இவனுக்கே அடிச்சிடுங்க!"