கண்கலங்க வைத்த கேக்

கடல் கடந்து காவல் காக்கும் பிள்ளைகளுக்கு, அம்மாக்கள் வீட்டில் சுட்ட கேக்கை மாதாமாதம் வாங்கி அனுப்பும் வீரர் நலச் சங்கம் அது. ஆண்டுவிழா மேடையில் தலைவர் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

தையல்காரம்மா புது கேக்கோடு, பல்லைக் கடித்துக்கொண்டு மேடையேறினாள்.

"போன மாசத்து கேக் என் மகனுக்குப் போய்ச் சேர்ந்துதா ஐயா?"

தலைவர் மைக்கை இழுத்துக்கொண்டார். "சேர்ந்துதாவா! நேத்துதான் போன்ல பேசினான். ஒரு வாய் வச்சதும், 'எங்கம்மா கைமணம்'னு கண்கலங்கிட்டானாம்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

அவள் கை காட்ட, முன்வரிசையில் ஊன்றுகோலோடு ஒருவன் எழுந்தான்.

"கால்ல குண்டடிபட்டு என் மகன் இவன் வீட்டுக்கு வந்து மூணு மாசமாச்சு. அங்க இருந்தவரைக்கும் ஒரு துண்டைக்கூடக் கண்ணால பார்க்கலையாம். அதான் போன மாசமும் வேணும்னே கொடுத்துப் பார்த்தேன். அப்போ, தின்னுட்டுக் கண்கலங்கினது யாருய்யா?"